நிலமும் நூலும்

(இளையரசனேந்தலில், வாசகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் என்னை அழைத்த செய்தியை அறிந்த நண்பர் ஒருவர், "நூலகத்தைப் பற்றிப் பேச அரசியல்காரர் எதற்கு? ஆசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாமே!" என்றார். நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான்: நூலகம் மக்கள் பணத்தில் நடக்கிறது. மக்கள் பணம் எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படாமற் போகிறது என்று கேட்பதற்குத்தான் அரசியல் என்று பெயர். அந்தக் கேள்வியைக் கேட்கவே இங்கு வந்திருக்கிறேன். கேட்டுவிட்டு, உங்களுக்கு ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போக எண்ணியிருக்கிறேன்.

இந்த ஊரின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளையரசனேந்தல் ஒரு ஜமீனின் தலைமையூர். வானம் பார்த்த கரிசல் மண்ணிலே கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்தவன் ஒருவன். விளைந்ததற்கு உரிமை கொண்டாடியவர் வேறொருவர். அந்த நிலைமையை மாற்றிட 1948-ஆம் ஆண்டிலே சென்னைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஜமீன்களை ஒழித்து, நிலங்களை ரயத்துவாரி முறையின் கீழ்க் கொண்டுவந்த சட்டம் அது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம்.

அதே ஆண்டின் 24-ஆம் எண் சட்டம் எது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதுதான் சென்னைப் பொது நூலகச் சட்டம்! விடுதலை பெற்ற இந்தியாவிலே முதன்முதலாக ஒரு மாகாணம் நூலகத்துக்கென்று இயற்றிய சட்டம். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரே மன்றத்திலே, ஒரே ஆண்டிலே, ஏறக்குறைய அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள். நிலம் ஒரு சிலர் கையிலே முடங்கிக் கிடக்கலாகாது என்று கூறியது ஒன்று. நூல் ஒரு சிலர் வீட்டிலே பூட்டிக் கிடக்கலாகாது என்று கூறியது மற்றொன்று.

முதற் சட்டத்தை நம் பாட்டன்மார் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பட்டாவுக்காக நடந்தார்கள், மனுப் போட்டார்கள், வழக்காடினார்கள், கால் தேய அலைந்தார்கள். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே, இந்த அலுவலகமா அந்த அலுவலகமா என்று இழுபட்ட ஊர் இந்த ஊர். அப்படியிருந்தும் நிலத்தின் உரிமையை அவர்கள் விட்டுவிடவில்லை. இரண்டாவது சட்டத்துக்காக நாம் எத்தனை நாள் நடந்தோம்? நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அந்தச் சட்டத்துக்கு வழி வகுத்தவர் யார்? சீர்காழியிலே 1892-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவர் கணக்கு ஆசிரியர். 1924-ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். பயிற்சிக்காக இலண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் கண்டது என்ன? நூலகம் என்பது அலமாரிகளுக்குக் காவல் இருக்கும் இடமன்று. தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் தத்தம் தேவையோடு வந்து போகும் பொதுமனை என்பதைக் கண்டார். கண்டதை மறந்துவிடாமல் கப்பலேறித் திரும்பி வந்தார். 1928-ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931-ஆம் ஆண்டில் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். பூட்டி வைப்பதற்காக அல்ல, பயன்படுத்துவதற்காகவே நூல் என்பது அவற்றின் தொடக்கம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது அவற்றின் முடிவு.

அதே 1931-ஆம் ஆண்டிலே மன்னார்குடியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றினார். தஞ்சைத் தரணியிலே நெல் ஏற்றிய வண்டியைக் கண்டிருந்த மக்கள், நூல் ஏற்றிய வண்டியைக் கண்டார்கள். வாசகன் நூலைத் தேடி வர இயலாதென்றால் நூல் அவனைத் தேடிச் செல்லட்டும் என்பதே அந்த வண்டியின் தத்துவம். அன்று மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சட்டம் இல்லை, வரியும் இல்லை. இருந்தது ஒரு வண்டி, இரண்டு மாடு, ஒரு மனிதரின் மனத்திட்பம்!

இன்று நம்மிடம் என்ன இருக்கிறது? சட்டம் இருக்கிறது. வரி இருக்கிறது. உங்கள் வீட்டு வரி இரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியே ஒரு தொகை இருக்கும். சட்டம் வந்த புதிதில் ரூபாய்க்கு அரை அணா. இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. ஐந்நூறு ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் ஐம்பது ரூபாயை நூலகத்துக்கென்று கட்டுகிறார். உள்ளாட்சி மன்றங்கள் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே நூலகத்துக்குள் நுழைகிற எவரும், யாரோ போட்ட தருமத்தைப் பெற்றுக்கொள்ள வந்தவரல்லர். தாம் முன்னமே விலை கொடுத்துவிட்ட பொருளைப் பெற்றுக்கொள்ள வந்தவர். இலவசம் என்கிறோமே, அந்தச் சொல்லின் உண்மையான பொருள் அதுதான். வாயிலிலே காசு கேட்கமாட்டார்கள். காரணம், நம் வீட்டுத் திண்ணையிலேயே அந்தக் காசு வாங்கப்பட்டுவிட்டது.

வரி கொடுத்தோம், கட்டடமும் வந்தது. மாநிலம் முழுவதும் 4,500-க்கு மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன: மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பல வகை. இவையன்றி, 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், 12,618 ஊராட்சிகளுக்கும் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று ஐந்தாண்டுகளிலே கட்டப்பட்டன. அரிய முயற்சி, அதில் ஐயமில்லை. ஆனால், தோழர்களே, இந்த வட்டாரத்துச் சாலைகளிலே செல்கையில் பாருங்கள். பெயர்ப்பலகை இருக்கும், கதவிலே பூட்டு இருக்கும், பூட்டிலே துரு இருக்கும்! சாவி யாரிடம் என்று கேட்டால், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். அந்த இன்னொருவர் ஊரில் இருக்கமாட்டார்.

கட்டடம் கட்டுவது அரசின் வேலை. அந்தக் கட்டடத்திலே விளக்கெரியச் செய்வது ஊரின் வேலை. ஊர்ப்புற நூலகத்தைத் திறப்பவரும் பெருக்குபவரும் பதிவேடு எழுதுபவரும் நூல் எடுத்துத் தருபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அந்த ஒற்றை மனிதர் மீது எல்லாப் பழியையும் சுமத்திவிட்டு நாம் தேநீர்க் கடையிலே அமர்ந்து அங்கலாய்ப்பது நியாயமாகுமா?

சென்னைக் கோட்டூர்புரத்திலே 2010-ஆம் ஆண்டில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. மதுரையிலே 2023-ஆம் ஆண்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்கே குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, கதை சொல்லுகிறார்கள், ஓவியம் தீட்டச் சொல்லுகிறார்கள், அறிஞர்களை அழைத்துப் பேச வைக்கிறார்கள். எல்லாம் இலவசம். மகிழ்கிறேன். ஆயினும் கேட்கிறேன்: இந்த ஊரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டர் தொலைவு. ஏழாம் வகுப்புப் படிக்கும் இளையரசனேந்தல் சிறுமி சனிக்கிழமைதோறும் பேருந்தேறி மதுரைக்குப் போய்க் கதை கேட்டுவிட்டு வருவாளா? அவளுடைய தாய் தீப்பெட்டி ஆபீசிலே வேலை முடித்து வீடு திரும்பும் வரையில் அவள் எங்கே இருப்பாள்? தெருவிலே இருப்பாள்; அல்லது கைப்பேசித் திரையின் முன்னே இருப்பாள். பெருநகரத்து நூலகத்திலே நடப்பது நம் ஊரிலே நடக்க, அத்தனை பெரிய மாளிகை வேண்டியதில்லை. ஒரு பாய், ஒரு புத்தகம், படித்துக் காட்ட ஒரு குரல், இவை போதும்.

இந்தக் கரிசல் சீமைக்கு அதைச் சொல்லித் தர வெளியூர்க்காரன் தேவையில்லை. கோவில்பட்டிக்கு அருகிலே இடைசெவல் என்ற சிற்றூர். அங்கே 1923-ஆம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றொருவர் கு. அழகிரிசாமி. பள்ளிப் படிப்பை முழுதும் முடிக்காத ராஜநாராயணன், கரிசல் மக்களின் சொற்களையெல்லாம் திரட்டி அகராதியாக்கினார். இருவருமே சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்கள். ஒரே சிற்றூரிலே, ஒரே ஆண்டிலே பிறந்த இருவர்! இந்த மண் ஏழை மண்ணாக இருக்கலாம். இதன் மூளை ஏழையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்ற சிறுகதையை நீங்கள் படித்திருக்கக் கூடும். அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் படிக்கப் புத்தகம் கொடுக்கும் ஒருவர், இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் நாட்குறிப்பேடு பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற சிறுவன் அவர் எண்ணத்திலே வரவேயில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரித்து, தானே ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, அதிலே அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லுகிறான். கொடுத்தவர் கொடியவரல்லர்; நல்லவர்தாம். நல்லவரின் கண்ணுக்கே தப்பிவிட்டான் அந்தப் பிள்ளை! நூலகத்தை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சாரங்கனின் நினைவு வருகிறது. நம் ஊரிலே நம் கண்ணுக்குத் தப்பிய சாரங்கன்கள் எத்தனை பேர்? ஊரின் கடைக்கோடித் தெருவிலே இருப்பவன், பள்ளியை விட்டு நின்றுவிட்டவன், இருட்டிவிட்டால் வெளியே அனுப்பப்படாத பெண் குழந்தை, கண் பார்வை இல்லாதவர், எழுத்தே அறியாத முதியவர் — இவர்களையெல்லாம் விட்டுவிட்டு நடத்தும் விழாவுக்கு எத்தனை பந்தல் போட்டால்தான் என்ன?

இப்பொழுது நம் அணிக்குள்ளே பேச வேண்டிய ஒரு செய்திக்கு வருகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள வேண்டும்.

ஒரு காலத்திலே தமிழ்நாட்டின் அரசியல் இயக்கங்கள் ஊருக்கு ஊர் படிப்பகம் அமைத்தன. ஓலைக் கொட்டகை, இரண்டு பலகை, நாலைந்து பத்திரிகை. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் சூழ்ந்து கேட்பார்கள். முடி திருத்தும் நிலையங்களும் தேநீர்க் கடைகளும்கூட அன்று பள்ளிக்கூடங்களாக விளங்கின. அந்தப் பலகைகளிலே அமர்ந்து எழுத்தும் எண்ணமும் பெற்று மேடையேறியவர்கள் பலர். அந்தப் பெருமையை நாம் மறக்கவேண்டாம். ஆனால், படிப்பகம் வேறு, பொது நூலகம் வேறு. படிப்பகம் நம் வீடு. நம் பத்திரிகையைப் போட்டோம், நம் தலைவரின் படத்தை மாட்டினோம். பொது நூலகம் எல்லாருடைய வீடு. நம்மை எதிர்ப்பவரும் அதற்கு வரி கொடுத்திருக்கிறார். அவருடைய குழந்தையும் அங்கே வரவேண்டும். அவருடைய கருத்தைச் சொல்லும் நூலும் அந்த அலமாரியிலே இருக்கவேண்டும்.

ஆகவே சொல்லுகிறேன்: நூலகத்தின் வாயிலுக்கு வந்ததும், தோளிலே உள்ள கொடியை வெளிச்சுவரிலே சாத்திவிட்டு உள்ளே செல்லுங்கள்! திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அது எங்கும் ஓடிவிடாது. "அப்படியானால் கட்சிக்கு என்ன லாபம்?" என்று ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. லாபம் இருக்கிறது, தோழரே! படித்தவன் நம்மையும் கேள்வி கேட்பான். கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லித்தான் நாம் உரம் பெறுவோம். படிக்காதவனை நாம் எளிதாகச் சேர்த்துவிடலாம். அவனை நாளைக்கு வேறொருவர் அதைவிட எளிதாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

நூலகம் யாருக்கு அச்சம் தருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலே செல்லப்பா என்பவர் 1933-ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர் சேர்ந்தது, அடுத்த ஆண்டு வாடகை இடம் பிடித்தார்கள், 1959-ஆம் ஆண்டில் அழகிய மாளிகையே எழுந்தது. 1981-ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி அந்த நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, சாம்பலாயின. எரித்தவர்கள் நூலகத்தின் மதிப்பை அறிந்திருந்தார்கள் என்பதே அந்தக் கொடுமையின் பாடம். மதிப்பை அறிந்து எரித்தவர்கள் அவர்கள். மதிப்பை அறியாமல் பூட்டிவைத்திருப்பவர்கள் நாம். நெருப்பு ஓரிரவிலே செய்ததைக் கரையான் பத்தாண்டுகளிலே செய்யும். சாம்பல் ஒன்றுதான்!

அரங்கநாதன் பாடம் கற்றுவந்த பிரிட்டனிலேயே நூலகச் சட்டம் 1850-ஆம் ஆண்டில் பிறந்தது. அத்தனை பழமை வாய்ந்த அந்நாட்டிலே, 2010-க்குப் பின்னர் செலவுக் குறைப்பு என்ற பெயரால் நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடப்பட்டன. ஆள் வந்து போகும் நூலகத்தை மூட முற்பட்டால் ஊர் திரளும், குரல் எழும். ஆள் வராத நூலகத்தை மூடினால் கேட்பதற்கு நாதி இராது. காப்பாற்றுவதற்கு முதல் வழி பயன்படுத்துவது. இரண்டாம் வழியும் அதுவே.

இனி, கொடுப்பதாகச் சொன்ன வேலை.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். கிளை நூலகங்களுக்கு வழக்கமாக வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளி மூடியிருக்கும் ஞாயிறன்று நூலகம் திறந்திருக்கட்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள் போலும்! அந்த ஒரு மணி நேரத்தில் நம் தோழர் ஒருவர், நூலகரின் இசைவோடு, குழந்தைகளுக்கு ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டட்டும். பிறகு அவர்களில் ஒருவனை, ஒருத்தியைப் படிக்கச் சொல்லட்டும். தடுமாறினால் சிரிக்கவேண்டாம். பெண் குழந்தைகள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பும்படி நேரத்தை வையுங்கள்.

இரண்டாவது, இளைஞர்கள். இன்று நூலகத்துக்கு வரும் இளைஞரில் மிகப் பலர் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். அவர்களை இகழாதீர்கள், வேலை தேடுவது குற்றமன்று. தேர்வு எழுதி வென்றவர் யாரேனும் இருந்தால், மாதம் ஒரு நாள் அவரை அழைத்து வந்து வழி சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளிடம், வினா விடைப் புத்தகத்தோடு இந்த மண்ணின் வரலாற்று நூல் ஒன்றையும் வைத்துவிட்டு வாருங்கள். தேர்விலே தோற்றாலும் அந்த நூல் அவனைக் கைவிடாது.

மூன்றாவது, கணக்கு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலே கிராம சபை கூடுகிறது. எழுந்து நின்று கேளுங்கள்: நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று? ஆணைக்குழுவிடம் எவ்வளவு சேர்ந்தது? நிலுவை எவ்வளவு? ஊராட்சி நூலகத்தின் சாவி யாரிடம்? பணிவாகக் கேளுங்கள், விடை வரும் வரையில் உட்காராதீர்கள்.

நான்காவது, வாசகர் வட்டம். வாசகர் வட்டம் என்பது நூலகத்துறையிலே ஏற்கெனவே உள்ள ஏற்பாடுதான். இல்லாத இடத்திலே அமையுங்கள். உறங்கும் இடத்திலே எழுப்புங்கள். அதிலே பெண்கள் இருக்கவேண்டும். எல்லாத் தெருவினரும் இருக்கவேண்டும். மாற்றுக் கட்சித் தோழரும் இருக்கவேண்டும். நவம்பர் 14 முதல் 20 வரை ஆண்டுதோறும் தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது. இவ்வாண்டு அந்த வாரத்திலே இந்த ஊரின் மூத்த தாய் ஒருத்தியை, எழுத்தறியாதவளாக இருந்தாலும், தலைமை தாங்க அழையுங்கள். அவளுக்குத் தெரிந்த கதையை அவள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அதுவும் ஒரு நூல்தான்!

தோழர்களே! 1948-ஆம் ஆண்டிலே நம் முன்னோர் இரண்டு சொத்துக்குச் சட்டம் பெற்றார்கள். நிலத்தின் பட்டாவை இரும்புப் பெட்டியிலே வைத்துக் காக்கிறோம். நூலகத்தின் பட்டா நம் வீட்டு வரி இரசீது. அதைக் குப்பையிலே போட்டுவிட்டோம். தேடி எடுங்கள். வருகிற ஞாயிறன்று, கையிலே அந்த இரசீதோடும், விரல் பிடித்த ஒரு குழந்தையோடும், நூலகத்தின் வாயிலிலே போய் நில்லுங்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே செல்லுங்கள். பூட்டியிருந்தால் சாவி வரும் வரையில் அங்கேயே இருங்கள்.